ஊசி காப்பாற்றிய புறாக்களும் எங்கள் அண்ணனும்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவரைத் தியாகராய நகர் ஜவுளிக்கடையில் சட்டைத் துணி கிழித்துக் கொடுப்பவராக அறிந்திருப்பீர்கள். சிலர், சைதாப்பேட்டை மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்தபடி நிற்பவராக அறிந்திருப்பீர்கள். தங்கையாகிய நான் அந்த மொட்டைமாடியைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். அவருடைய மகிழ்ச்சியும் நோயும் அங்கேதான் இருந்தன.

அண்ணன் சைதாப்பேட்டையில், ஆற்றங்கரைக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடையில் சேர்ந்தார். பகலெல்லாம் நின்றபடி வேலை பார்த்து அம்மாவைக் காப்பாற்றினார். என்னைப் படிக்கவைத்து மயிலாப்பூரில் கல்யாணம் செய்து கொடுத்தார். தமக்கென்று அவர் வைத்துக்கொண்டது பந்தயப் புறாக்களை மட்டுமே. கூடையில் அடைத்து ரயிலில் ஆந்திரப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிட்டால், வழி கண்டுபிடித்து வீடு திரும்பும் ஹோமர் புறாக்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. விடிந்ததும் மாடியேறிக் கூண்டைச் சுரண்டிக் கூட்டி, தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் அவர் காபி குடிப்பார்.

தொண்ணூற்று மூன்றில், மழை ஓய்ந்து பந்தயம் தொடங்கவிருந்த சமயம், புறாக்களுக்கு ஒரு நோய் வந்தது. நோய் கண்ட புறா தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு கழுத்து முறுக்கிக்கொள்ளும். சோளத்தைக் கொத்தப் போய்த் தரையைக் கொத்தும். கண்ணெதிரே தீனி இருந்தும் பட்டினியாகச் சாகும். அண்ணன் கடைக்கு விடுப்பு போட்டுவிட்டுக் கால்நடை மருத்துவர் ஒருவரைப் போய்ப் பார்த்தார். தடுப்பூசி உண்டு, ஆனால் நோய் வருவதற்கு முன்பே போட வேண்டும், போட்ட பிறகு சில வாரம் பறக்கவிடக் கூடாது என்றார் மருத்துவர். ஐஸ் கட்டி நிரப்பிய பிளாஸ்கில் மருந்தை வைத்து, பஸ்ஸில் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தார் அண்ணன்.

இரண்டு தெரு தள்ளிப் புறா வளர்த்த பாபு அவருக்குத் தம்பி மாதிரி. அவன்தான் முதலில் தடுத்தான்.

"இன்னாண்ணே, பந்தயம் வர்ற நேரத்துல ஊசி போட்டா பறவை டல்லாப் பூடும். ஒரு வருஷம் வேஸ்ட்டு."

"வேஸ்ட்டானா ஆவட்டும்டா. உசுரு இருந்தா அடுத்த வருஷம் பறக்கும். உன்னுதுக்கும் போட்டுக்கோ, மருந்து மீதி கீது."

பாபு போட்டுக்கொள்ளவில்லை. அண்ணி புறாவை இரு கையாலும் பிடித்துக்கொள்ள, அண்ணன் கழுத்துக்குப் பின்னால் தோலை இழுத்து ஊசி போட்டார். புறாக்கள் சில நாள் இறகை உப்பிக்கொண்டு சோர்ந்து கிடந்தன, பிறகு தேறின. அந்த ஆண்டு அவர் பந்தயத்துக்கு அனுப்பவில்லை.

பந்தயக் கூடையில் எல்லார் புறாவும் ஒன்றாகத்தான் பயணம் செய்யும். நோயும் கூடவே பயணம் செய்தது. திரும்பி வந்த பாபுவின் புறாக்கள் ஒவ்வொன்றாகக் கழுத்து முறுக்கின. அவன் அழுதுகொண்டே ஓடிவந்தான்.

"அந்த ஊசியப் போடுண்ணே."

"இப்பப் போட்டுப் பிரயோஜனம் இல்லடா."

"நல்லா கீற பறவைக்காவது போடேன்!"

அவன் கண்ணீரைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணன் அவன் வீட்டுக்குப் போனார். நன்றாக இருப்பதாகத் தெரிந்தவற்றுக்கெல்லாம் போட்டார். நோய் அவற்றுக்குள்ளும் ஏற்கெனவே புகுந்திருந்தது. அவையும் போயின. பாபு எங்கள் வாசலில் நின்று, "நோவு கொல்லல. உன் ஊசிதான் கொன்னுச்சு" என்று கத்தினான். பேட்டையே அவனை நம்பியது. அதன் பிறகு அண்ணனைப் பந்தயத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய புறாக்கள் ஆரோக்கியமாக, போட்டிக்கு ஆளில்லாமல், எங்கள் தெருவுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணன் யாரையும் குறை சொன்னதில்லை. "அவன் எடத்துல நான் இருந்தாலும் அப்டித்தான் பேசிகினு இருப்பேன்" என்றார்.

இரண்டு ஆண்டுகளில் இருமல் வந்தது. பிறகு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், புறாவின் இறகுத் தூசியும் எச்சத் தூசியும் நுரையீரலை இறுகச் செய்துவிட்டதாகச் சொன்னார்.

"இதுக்கு ஊசி எதுனா கீதா டாக்டர்?" என்று அண்ணன் கேட்டார்.

"இறுகினது இளகாதுங்க. புறா பக்கமே போகாதீங்க. இருக்கிறதையாவது காப்பாத்திக்கலாம்."

அண்ணி புறாக்களைப் பாலவாக்கத்து உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அங்கே கூண்டைத் திறந்ததும் அத்தனையும் எங்கள் மாடிக்கே திரும்பிவிட்டன. கொட்டிவாக்கத்துக்கு அனுப்பினோம், அங்கிருந்தும் வந்தன. வீடு திரும்புவதைத் தவிர வேறெதுவும் அறியாத ஜீவன்கள். கீழே கட்டிலில் கிடந்த அண்ணன் இறக்கைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். சிரித்த உடனே இருமுவார்.

கடைசியில் வந்தவன் பாபு. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் அண்ணியிடம்தான் பேசினான்.

"நான் இட்டுகினு போறேன் அண்ணி. தொறந்து வுட்டா இங்கதான் வரும். அதனால தொறக்கவே மாட்டேன்."

அண்ணன் கண்ணை மூடியபடி கேட்டார்: "பறக்காம அடைஞ்சி கெடக்கவாடா அதுங்களப் பொழைக்க வெச்சேன்?"

பாபு கூடைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அண்ணி ஆள் வைத்துக் கூண்டுகளைப் பிரித்து, மாடியைக் கழுவிவிட்டார். தூசி போயிற்று; மூச்சு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தும், சென்ற ஆண்டு பங்குனியில் அண்ணன் எங்களை விட்டுப் போனார். எல்லாரையும் வாழவைத்தவருக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓராண்டு கழிந்தும் அதில் ஆறுதல் கொள்ள எனக்கு எதுவும் அகப்படவில்லை.

அண்ணன் வேலைக்கு வர முடியாத காலத்திலும் அவரை நீக்காமல் வைத்திருந்த கடை முதலாளிக்கும், படுக்கையில் அவருக்குப் பணிவிடை செய்த செவிலியருக்கும், நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியிறக்கிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தார் கைகூப்புகிறோம். பாடைக்குத் தோள் கொடுத்த பாபுவுக்கும் நன்றி சொல்லவேண்டும். காரியம் முடிந்த அன்று அவன் அண்ணியிடம், "தூசி ஆவாதவரு இப்ப இல்லியே. ஒரே ஒரு பறவையத் தொறந்து வுடட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம்பா," என்றார் அண்ணி. "வந்தா எங்க உக்காரும்?"