கதவில் எரிந்த சிவப்பு

ஹோட்டலில் வரவேற்பு மேசைக்காரிக்கு 'ஊமை' என்று பெயர். அறை எண்ணை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அறைக் கதவைத் திறக்கும் கார்டின் உறையில் எழுதி விரலால் தொட்டுக் காட்டுவாள். பக்கத்தில் நிற்பவர் காதில் விழுந்துவிடக் கூடாது. "வீட்லயும் அப்படித்தான். என்ன சமையல்னு கேட்டா மூடியத் தொறந்து காட்டுறா," என்பான் அவள் கணவன்.

அன்று காலை கேக் பெட்டியோடு ஒருவர் வந்தார்.

"என் மிஸஸ் இங்க தங்கியிருக்கா. இன்னிக்கு அவளுக்குப் பிறந்தநாள். சொல்லாம வந்திருக்கேன், காட்டிக் குடுத்துடாதீங்க."

அடையாள அட்டையை நீட்டினார். பதிவேட்டோடு ஒப்பிட்டாள். இருவருக்கும் ஒரே விலாசம், மனைவியின் பிறந்தநாளும் சரிதான். அறைக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. தங்கியிருப்பவர் சொல்லாமல் கார்டு தரக் கூடாது.

"குளிச்சிட்டு இருப்பா. அதுக்குள்ள கேக் உருகிடும்மா."

ஊமை சிரித்துவிட்டாள். கார்டு போட்டு, எண்ணை எழுதி, சத்தமில்லாமல் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில், சாப்பிட்டுவிட்டு மேலே போன அந்த அறைப் பெண் திரும்பி வந்து தன் கார்டை மேசையில் வைத்தாள்.

"கதவு தொறக்க மாட்டேங்குது. சிவப்பா எரியுது. போன் பக்கத்துல வெச்சதாலயா?"

நகல் கார்டு என்றால் இரண்டும் திறக்கும். சிரித்த வேகத்தில் ஊமை புதுக் கார்டே போட்டிருந்தாள். அது ஒருமுறை கதவைத் திறந்தால் பழையது செத்துவிடும். அப்படியென்றால் அவர் உள்ளே இருக்கிறார்.

போன் பக்கத்தில் இருந்ததால்தான் என்று சொல்லி இன்னொன்று தந்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண் வாசலுக்கு முதுகு காட்டாமல் ஒருக்களித்து நின்றிருந்தாள். நேற்று வந்தபோதும் அப்படித்தான் நின்றாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"மேல போகாதீங்க. உங்க வீட்டுக்காரர் இருக்கார். நான்தான் கார்டு குடுத்தேன்."

"எதை வெச்சுக் குடுத்தீங்க?"

"விலாசம் ஒண்ணா இருந்துச்சு."

"அந்த விலாசத்தை விட்டுட்டுத்தானே இங்க வந்தேன்."

சமையலறை வழியாகக் கூட்டிப் போய்ப் பின்வாசலைத் தன் கார்டால் திறந்துவிட்டாள். அந்தப் பெண் கைப்பையோடு மட்டும் போனாள். பெட்டியும் துணிமணியும் மேலே. மன்னிப்புக் கேட்க ஊமை வாயெடுப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

மேசைக்கு வந்தபோது அவர் நின்றிருந்தார். கேக் பெட்டியின் நூல்கூட அவிழ்க்கப்படவில்லை.

"அவ கீழ வந்தாளா?"

"தங்கியிருக்கிறவங்களைப் பத்தி நாங்க சொல்றதில்ல சார்."

"இப்பதானே கார்டே குடுத்தீங்க."

"ஆமா."

மேலாளரைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டாள். மேலாளர் வரும்வரை, கண் பின்வாசல் பக்கம் போய்விடாமல், கேக் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.