மண்புழுவின் கொக்கு

அந்த வீட்டில் விடுமுறைக்கு ஒரே சட்டம்: காலையில் வெளியே போன பிள்ளை பொழுது சாயும்வரை உள்ளே வரக்கூடாது. மற்ற பிள்ளைகள் மரமேறினார்கள், கையை முறித்துக்கொண்டார்கள், முன்னேறினார்கள். மூத்தவள் மட்டும் குளக்கரைக் கோரைக்குள் குப்புறக் கிடந்தாள். நிமிர்ந்தால் பறவை பறந்துவிடும் என்ற மாபெரும் உண்மையை ஏழு வயதில் கண்டறிந்தவள். அம்மா அவளுக்கு மண்புழு என்று பட்டம் கொடுத்தாள்.

ஒருநாள் கொக்கு ஒன்று அவள் முகத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்று, குனிந்து பார்த்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அம்மா, கொக்கு நம்ம வீட்டவிடப் பெரிசு!"

"வெயில் தலைக்கேறிடுச்சு. போய் மூஞ்சியக் கழுவு."

இப்போது அவள் பேர்பெற்ற பறவை ஓவியர். உலகத்தை மட்டும் இன்னும் ஒரு சாண் உயரத்திலிருந்துதான் பார்க்கிறாள். முழங்கால் தேய்ந்து மருத்துவரிடம் போனபோது அவர் கேட்டார்: "என்ன வேலை பாக்கறீங்க?"

"படம் வரையறேன்."

"காலாலயா?"

அருங்காட்சியகம் ஒரு முழுச் சுவரை அவளிடம் ஒப்படைத்தது. நான்கு மாதம் உழைத்து அந்தக் கொக்கை வரைந்தாள். திறப்பு விழாவுக்கு முதல்நாள் அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா இது? கழுத்து தண்ணிக் குழாய் மாதிரி, தலை பூசணிக்கா மாதிரி! கொக்கா, கொக்கோட பாட்டனா?"

"கொக்குதான் சார். நீங்க பாக்கற எடம்தான் தப்பு."

"நான் நிக்கற எடத்துலதான் ஜனங்களும் நிப்பாங்க. வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லிட்டேன்."

ஏணியைப் பிடித்திருந்த தம்பி முணுமுணுத்தான்: "அக்கா, கழுத்தக் கொஞ்சம் குறைச்சுடேன். கொக்கு என்ன கேஸா போடப் போகுது?"

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"சார், கொஞ்சம் படுங்க."

"என்னது?"

"தரையில. சுவரோரமா, குப்புற."

பதவிக்கு வந்த நாள் முதல் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இருபுறமும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பத்திரப்படுத்தினார். முதலில் தொப்பை தரை தொட்டது. கௌரவம் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தது. பிறகு தலையைத் தூக்கினார்.

நீண்டு கிடந்த கழுத்து சுருங்கி வளைந்தது. பூசணிக்காய்த் தலை கொக்கின் தலையாகி, கோரைக்கு மேலே வானத்தை மறைத்துக்கொண்டு அவர்மேல் குனிந்தது. மஞ்சள் கண் ஒன்று அவரை நிறுத்துப் பார்த்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அது... என்னைப் பாக்குதும்மா."

"அசையாதீங்க சார். மீன்னு நெனச்சுக்கும்."

அவர் உண்மையிலேயே அசையவில்லை. அப்போது வெள்ளையடிப்பவர் வாளியும் சுண்ணாம்பு மட்டையுமாக வந்து, தரையில் கிடந்தவரைக் கண்டு பதறினார். "ஐயோ, சாருக்கு என்ன ஆச்சு?"

"உஷ்!" என்றது தரை. "வாளிய அந்தப் பக்கம் வெச்சிட்டு, நீயும் படுப்பா."