முடிச்சு அவிழ்த்தவன்

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த நான், கடலாமைகளைக் காக்க என்னென்ன ஆராய்ச்சி தேவை என்று அறிக்கை எழுதினேன். மணியாச்சியில் ரயிலேறி அதைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே கருவாட்டுக் கூடையோடு ஒரு மீனவர். வெயிலில் வெடித்த காதுமடல்கள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். வலையில் ஆமை சிக்கும்போதெல்லாம் ஒரு கயிற்றில் முடிச்சுப் போடுவாராம். செத்ததென்றால் இரட்டை முடிச்சு.

"கடல்ல எறங்கியிருக்கியளா, சார்?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு, காலு நனையாம எழுதலாம். இந்தாங்க, ஒம்பது வருசத்து ஆமையும் இதுல இருக்கு. எண்ணிட்டுத் திருப்பித் தந்துருங்க."

அறிக்கையைக் கட்டி அனுப்ப வீட்டில் வேறு கயிறு இல்லை. முடிச்சுகள் இடைஞ்சலாக இருந்தன. எண்ணாமலே அவிழ்த்தேன்.

அறிக்கையின் முதல் வரி: 'வலையில் சிக்கும் ஆமைகளைப் பற்றி எவரிடமும் கணக்கில்லை.'

எல்லோரும் பாராட்டினார்கள். அதன்பின் அவரை ரயிலில் கண்டால் வேறு பெட்டியில் ஏறிக்கொள்வேன்.