விரிசல் விடாத வீடு

போன சித்திரையில், பின்சுவரை ஒட்டி ஓடுகிற கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் ஆள் வைத்துத் தோண்டினோம். சித்திரையில் கரிசல் மண் இறுகிக் கிடக்கும். கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். இடுப்பளவு ஆழம் போனதும், தோண்டிக்கொண்டிருந்தவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "யக்கா, இங்கன கொஞ்சம் வாங்க. அஸ்திவாரத்துல யாரோ அம்மியத் தூக்கிப் போட்டிருக்காவ" என்றார். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மிதான். மற்றக் கற்களோடு வரிசையில் பக்கவாட்டில் செருகியிருந்தது. அரைத்து அரைத்துக் குழிந்துபோன அதன் முகம் வெளியே தெரிந்தது. விளிம்பில் உளியால் கொத்திய சிலுவை ஒன்று. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அந்தக் கோணல் சிலுவையை வரைந்தது நான்தான். நான் சாக்கட்டியால் வரைய, என் அப்பா அதன்மேல் உளி வைத்துக் கொத்தினார். அது எங்கள் சபையின் கோயிலுக்கு அடியில் இருக்க வேண்டிய கல். அதற்குப் பக்கத்துக் கல்லிலும் சிலுவை இருந்தது. அதற்கடுத்த கல்லிலும் இருந்தது.

என் அப்பா கொத்தனார். எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி வரை அவர் பெயரைச் சொன்னால் தெரியும். கரிசல் காட்டில் வீடு கட்டுவது மற்ற ஊர்களில் கட்டுவது மாதிரி அல்ல. ஐப்பசி மழைக்கு இந்த மண் ஊதும், பங்குனி வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். மேலே நிற்கிற சுவரும் கூடவே வெடிக்கும். எங்கள் ஊரில் சுவரில் விரிசல் இல்லாத வீடு கிடையாது. விரிசலுக்குள் சீப்பு, மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு எல்லாம் செருகி வைத்திருப்பார்கள். அப்பா கட்டுகிற வீடு மட்டும் நிற்கும். கரிமண்ணைத் தாண்டி அடியில் சுக்கான் என்கிற கெட்டிச் சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும் வரை தோண்டச் சொல்வார். அங்கிருந்து நல்ல கல்லாக அடுக்கி மேலே கொண்டுவருவார். "மண்ணு ஆடும். அது ஆடாத எடத்துக்கு நாம எறங்கிப் போகணும்" என்பார். அந்தக் கை தன்னுடையது இல்லை, ஆண்டவர் கொடுத்து வைத்தது என்றும் சொல்வார். அதை நான் முழுதாக நம்பினேன்.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்ததும் அவர்தான். உக்கிராணக்காரன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். எசமான் ஊருக்குப் போயிருக்கும்போது வீட்டுச் சாவியை வைத்திருக்கிற ஆள் என்று விளக்குவார். நிலம், மழை, கை, கால், பேச்சு, படிப்பு எல்லாம் எசமானுடையவை. "நாம முதலாளி இல்லலே, சாவி வச்சிருக்கவன்தான்" என்று பிள்ளைகளின் தலையில் செல்லமாகக் குட்டுவார். எனக்குக் கொஞ்சம் பலமாகவே குட்டு விழும். அதில் எனக்குப் பெருமை.

எங்கள் சபை சிறியது. பருத்தியும் உளுந்தும் போடுகிற சில குடும்பங்கள், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற பெண்கள், அவ்வளவுதான். ஓட்டுக் கொட்டகையில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது கோயில் கட்டுவது என்று முடிவாயிற்று. கரிசலில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, கல்தான் கிடைக்காது. கழுகுமலைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு இயன்ற கல்லைக் கொடுக்கச் சொன்னார் அப்பா. கல்லில் அவரவர் பெயரை எழுதலாமா என்று யாரோ கேட்டார்கள். "பேரு எதுக்கு? ஒரு சிலுவை போதும். பூமிக்குள்ள போற கல்லை மனுசன் பாக்கப்போறதில்ல. ஆண்டவர் பாப்பார்" என்றார். அந்தப் பேச்சில் பெரியவர்களே கண்கலங்கினார்கள். கோயில் மனையில் கிடந்தால் களவு போய்விடும் என்று எல்லாக் கல்லும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாக்கட்டியோடு கல் கல்லாகத் தாவிச் சிலுவை வரைவது என் வேலை.

எங்கள் தெருவிலேயே தகரக் கூரை வீட்டில் இருந்த அத்தை அம்மியைக் கொண்டுவந்தது அப்படித்தான். அத்தை என்றால் சொந்தமில்லை, பழக்கத்தில் அழைப்பது. மாமா இறந்துபோய், தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்த்தான் பிழைப்பு. வண்டிக்காரனுக்குக் கொடுக்க வழியில்லை. சும்மா இருக்க மனமும் இல்லை. தாய்வீட்டுச் சீராக வந்த அம்மி ஒன்றுதான் வீட்டிலிருந்த கல். ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினாள். குழவியை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டாள். இறக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். "எங்கம்மை கை பட்ட கல்லு" என்றாள். அம்மா அவளைத் தேற்றினாள். அப்பா உளியை எடுத்தார். அன்றிலிருந்து அத்தை குழம்புக்கு அரைக்க எங்கள் வீட்டுக்கு வருவாள். சாயங்காலம் வேலை முடிந்து, விரலில் தீப்பெட்டிப் பசை காய்ந்திருக்க, எங்கள் அம்மியில் வற்றலும் மல்லியும் வைத்து அரைத்துக்கொண்டே அன்றைய கதையெல்லாம் சொல்வாள். கேலி பேசாமல் அவளால் அரைக்க முடியாது.

கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டது பருத்தி எடுப்பு நேரத்தில். ஊரே காட்டில் கிடந்தது. மக்கள் வந்து பார்த்தபோது தரைமட்டத்துக்கு மேல் சுவர் எழும்பியிருந்தது. அதே வருடம் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு அப்பா புது வீடும் கட்டினார். பகலில் கோயில், மிச்ச நேரத்தில் வீடு என்று உழைத்தார். இப்படியும் ஒரு மனிதனா என்று எல்லாரும் வியந்தார்கள். நானும் வியந்தேன்.

கோயில் பிரதிஷ்டை ஆகி ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்த மழைக்குப் பெண்கள் உட்காரும் பக்கத்துச் சுவர் ஜன்னல் மூலையிலிருந்து கீழ்வரை வெடித்தது. விரலை விட்டால் வெளியே காற்று உறைக்கும். குருவானவர் வராத ஞாயிறுகளில் அப்பாதான் பிரசங்கம் செய்வார். அந்த வாரமும் அவர்தான். மண்ணைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "எந்தக் கல்லை எந்த மனசோட கொடுத்தோம்னு அவனவன் யோசிச்சுப் பாக்கணும்" என்றார். "முணுமுணுத்துக் கொடுத்தத ஆண்டவர் ஏத்துக்கிட மாட்டார். சுவரு அதைத்தான் சொல்லுது." நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த திருவிருந்து ஆராதனையில் எல்லாரும் எழுந்து பீடத்துக்கு முன் முழங்காலிடப் போனார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. அடுத்த தடவையும் இல்லை. பிறகு அது பழகிப்போயிற்று. ஆராதனைக்குத் தவறாமல் வருவாள், பாட்டுப் பாடுவாள், காணிக்கை போடுவாள். அப்பமும் ரசமும் கொடுக்கும்போது மட்டும் அந்த விரிசல் சுவருக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாள். மாறி மாறி வந்த குருவானவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். வீம்பு என்றார்கள் சிலர். எங்கள் வீட்டுக்கு அரைக்க வருவதையும் நிறுத்திவிட்டாள். அப்பா பீடத்தருகே தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் கண்ணில் படாமல் அத்தை உட்கார்ந்திருக்க வழியில்லை. கோயில் அவ்வளவு சிறியது. வருடக்கணக்காக அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் வீட்டுக்கு ஊரில் விரிசல் விடாத வீடு என்றே பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்ததைவிடச் சுவரைப் பார்த்ததுதான் அதிகம் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். கோவில்பட்டியில் வாத்தியார் வேலை கிடைத்த பிறகும், கல்யாணமான பிறகும், நான் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அப்பா இறந்தபோது நல்ல உக்கிராணக்காரர் என்று அவர் கல்லறையில் வெட்டி வைத்தோம். வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான். அடக்க ஆராதனையில் அவரைப் பற்றிப் பேசியதும் நான். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

குழி விளிம்பிலிருந்து எழுந்து வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "அந்த மனுசன் போய்ச் சேந்தாச்சு. இப்ப என்னத்துக்கு ஏட்டி அது?" என்றாள். அவளுக்குத் தெரியும் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள். "நானும் கேட்டேன். ஆண்டவர் வீட்டை ஆண்டவர் பாத்துக்கிடுவார், நம்ம வீட்டை நாமதான பாக்கணும்னாவ. கோயிலுக்கு அடியில செங்கத்துண்டும் சரளும் போட்டு மூடிட்டாவ. நிக்கும்னுதான் நெனச்சாவ." சபையில் சொல்லப்போகிறேன் என்றேன். "சொல்லிட்டு? வீட்டை இடிச்சுக் கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போறியா?" என்றாள். நான் போனை எடுத்துக்கொண்டு மறுபடி குழிக்குப் போனேன்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். பிள்ளையார் தேங்காயை எடுத்துக் கடை போட்டவர் எங்கள் அப்பா. இப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டால் மனம் ஆறும் என்று பார்த்தேன். ஆறவில்லை. கல்லை எடுத்ததைக்கூட ஒருவேளை மன்னித்துவிடுவேன். ஓட்டு வீட்டில் ஒழுகலில் படுத்துக்கிடந்த ஆள். கையில் வித்தை இருந்தது, முற்றத்தில் கல் கிடந்தது, சபலப்பட்டுவிட்டார். ஆனால் சுவர் வெடித்தபோது, அது ஏன் வெடித்தது என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்த மனிதர், ஆண்டவர் தனக்குக் கொடுத்ததாகச் சொன்ன அதே அறிவை வாயில் போட்டு மென்றுவிட்டு, ஒரு ஏழைப் பெண்ணின் அழுகையின் மேல் பழியைத் தூக்கிப் போட்டாரே, அதை எப்படி மன்னிப்பது? என்னையும் ஏமாற்றிவிட்டார். அந்தச் சிலுவைகளை வரைந்த கை என் கை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு இத்தனை வருடம் நின்றிருக்கிறேன். இப்போது அந்தச் சொற்களில் எது ஆண்டவருடையது, எது அவருடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அத்தை வீட்டுக்குப் போனேன். இப்போது அவளால் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக முடிவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அத்தை, உங்க அம்மி கோயிலுக்கு அடியில இல்ல. எங்க வீட்டுக்கு அடியில இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். எட்ட வைத்தும் பார்த்தாள். அம்மியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அப்பம் அந்தச் சுவரு எதுனால வெடிச்சிச்சு?" என்றாள்.

"அடியில கல்லே இல்ல அத்தை. அப்பா சரளைப் போட்டு மூடிட்டாங்க. அவங்களுக்குத் தெரியும்."

"நான் அழுததுனால இல்லியா?"

"இல்ல அத்தை."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அல்லது அப்பாவைத் திட்டுவாள் என்று. இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நித்தமும் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேனேட்டி" என்றாள். "மனசாரக் கொடுக்கலியே, மன்னியும் மன்னியும்னு. செய்யாத தப்புக்கு. கேட்டதெல்லாம் இனி யாருகிட்டப் போய்த் திருப்பி வாங்குவேன்?"

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வருகிற ஞாயிறு திருவிருந்து இருக்கிறது, வாருங்கள், நானே உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிடலாம் என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்து என்னைத் தூக்கி வைத்துக் கேலி பேசிய முகம் அது.

"வருவேன்" என்றாள். "ஆனா நீ எம்பக்கத்துல வந்து முழங்கால் போடாத."

சரி அத்தை என்றேன்.