எறும்புப் பெட்டியில் மஞ்சள்

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன கணவர், கண்ணாடிப் பெட்டிக்குள் ஆசையாக எறும்பு வளர்த்த அந்த எறும்புப் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். எறும்புகள் குடிக்கப் பஞ்சை நனைத்து உள்ளே வைக்கச் சொன்னவர், எவ்வளவு ஈரம் என்று சொல்லவில்லை. மூன்றாம் மாதம் பஞ்சு வைத்த மூலையில் பூஞ்சை படர்ந்தது.

தறிப்பட்டறையிலிருந்து வந்த அலுப்பில் எனக்கு யோசிக்கத் தெம்பில்லை. வெட்டுக்காயமானாலும் வாசற்படியானாலும் எங்களுக்கு மஞ்சள்தான். பூஞ்சைமேல் ஒரு சிட்டிகை தூவினேன். அடுப்படியில் எறும்பு அண்டாமலிருக்க நான் தூவுவதும் அதே மஞ்சள்தான் என்பது பிறகே உறைத்தது. அத்தனை எறும்புகளும் முட்டைகளைக் கவ்விக்கொண்டு ஓடி, மூடியின் அடியில் கொத்தாக ஒட்டிக்கொண்டன.

அந்த மூடியை அப்படியே இடக்கையில் ஏந்திக்கொண்டு, வலக்கையால் மஞ்சளையும் பூஞ்சையையும் துடைத்தெடுத்தேன். முழங்கை வரை ஏறிக் கடித்தன. முதுகு விட்டுப்போனது. துடைத்து முடித்து மூடியை வைத்ததும் அவரிடமிருந்து போன்.

"எறும்பெல்லாம் நல்லாருக்குதா சாமி?"

"நல்லாருக்குதுங்க."

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.