முல்கரா சாலையில் இரண்டு உப்புக்கட்டிகள்

வியாழக்கிழமை என்றால் நெரிடா நோஸ்கே வருவாள். கூரன்னா ஊரிலிருந்து முல்கரா பண்ணை வரைக்கும் இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் மண் சாலை. வழியில் ஏழு பண்ணைகள், ஒன்பது கேட்டுகள். தபால் வண்டி என்று பேர்தானே ஒழிய, கடிதத்தைவிட ரொட்டியும், பம்பு உதிரிப் பாகமும், கோழிக்குஞ்சும், ஒருமுறை கல்யாண கேக்கும்தான் அதில் அதிகம் போயின. அந்தக் கேக் விரிசல் விடாமல் போய்ச் சேர்ந்ததை அவள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொரு வயதில் அந்த வேலைக்கு வந்தாள். கிணறு தோண்டும் கும்பலோடு மேற்கே போன கணவன் திரும்பவில்லை. இரண்டு பெண்களையும் ஒரு பழைய லாரியையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். தபால் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்றதும் போய் நின்றாள். பொம்பளை எப்படி நடு வனாந்தரத்தில் டயர் மாற்றுவாள் என்று தபால் அதிகாரி இழுத்தார். அவள் வெளியே போய், அலுவலக வாசலிலேயே லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டினாள். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அவள் அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து ஊரே சிரித்தது.

நேரம் ஆகத்தான் செய்யும். நெரிடா சக்கரம் மாற்றுவது ஒரு சடங்கு மாதிரி. மேட்டிலோ வளைவிலோ டயர் போனால் அங்கே நிறுத்த மாட்டாள். டயர் நாசமானாலும் சரி என்று ஊர்ந்துபோய், இரண்டு பக்கமும் தூரத்திலிருந்தே வண்டி கண்ணுக்குத் தெரியும் சமதளத்தில்தான் நிறுத்துவாள். மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும் மாட்டு லாரிகள் அந்தச் சாலையில் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுபவன் நம்மைப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்து நிற்பதற்குள் அரை கிலோமீட்டர் போய்விடும். பிறகு, வண்டி பழுது என்று தூரத்திலேயே தெரிய, பானெட்டைத் தூக்கி வைப்பாள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பாள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துவாள். ஜாக்கிக்கு அடியில் உழவுக் கலப்பையின் வட்ட இரும்பான பழைய ஏர்த்தட்டு ஒன்றைப் போடுவாள். கடைசியாக, ஸ்டெப்னியை உருட்டிவந்து வண்டிக்கு அடியில் படுக்கப்போடுவாள். ஜாக்கி நழுவினால் வண்டி அதன்மேல் உட்காரும், நம்மேல் உட்காராது என்பது கணக்கு.

அந்தக் கடைசி வேலைதான் முல்கரா ஆல்பிக்கு அவல். ஆல்பி ஹென்ஷ்கே நல்ல மாட்டுக்காரன், ஆனால் வாய்க்கொழுப்புக்கு அளவே இல்லை. எந்தக் கூட்டத்திலும் அவளைக் கண்டால் போதும்.

"மகராசி வண்டிக்குத் தலையணை வெச்சுத் தூங்கப்பண்றா. அவ டயர் மாத்தி முடிக்கறதுக்குள்ள என் கன்னுக்குட்டி பசுவாயிடும்."

நெரிடாவும் சும்மா இருக்க மாட்டாள். உன் கன்றுக்குட்டிகளுக்காவது மூளை வளர்கிறதே என்பாள். இப்படி இருபத்தாறு வருஷம் ஓடியது. அவள் ஒரு வியாழக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. வரத் தாமதமானால் யாரும் கவலைப்பட்டதும் இல்லை. ஏதோ ஒரு பண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாள் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. நம்பகமான ஆளை யாரும் தேடுவதில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் பிப்ரவரியில் இரண்டு வாரம் விடாமல் மழை கொட்டியது. சாலையை அடைத்துவிட்டார்கள். முல்கராவின் விமானத் தரை களிமண் குழம்பாகி, டாக்டர் விமானமும் இறங்க முடியாமல் போயிற்று. சாலை திறந்த முதல் நாள் ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு மருத்துவ நிலையத்து நர்ஸ் நெரிடாவிடம் ஒரு சின்ன ஐஸ் பெட்டியைக் கொடுத்தாள். ஆல்பியின் இன்சுலின். பையன் மாதிரி வம்பு பேசித் திரிகிற ஆளுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. நான்கு நாளாகப் பாதி அளவுதான் போட்டுக்கொள்கிறானாம், நேற்றிலிருந்து வாந்தியாம், அதை அவன் மனைவி லோரெய்னிடம்கூடச் சொல்லவில்லையாம். இன்று காலை போட்ட ஊசியோடு மருந்து தீர்ந்துவிட்டது என்று விடியற்காலையில் அவனே போனில் நர்ஸிடம் ஒப்புக்கொண்டிருந்தான்.

"பொழுது சாயறதுக்குள்ள இது அவன் கைல இருக்கணும் நெரிடா. நாளைக்குங்கறது ரொம்ப லேட்டு."

பெட்டியை ஈரச் சாக்கில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்தாள். பின்னால் தபாலும் ரொட்டியும், முல்கராவுக்கே போக வேண்டிய மாடு நக்கும் உப்புக்கட்டிகள் பன்னிரண்டும். ஒவ்வொன்றும் இருபது கிலோ, செங்கல் மாதிரி இறுகியவை. வழக்கம்போல இரண்டு ஸ்டெப்னிகள்.

நூற்றிருபதாவது கிலோமீட்டரில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. நகரத்திலிருந்து வந்தவர்கள். மழை அரித்த பள்ளத்தில் இறங்கி இடது பக்கம் இரண்டு டயரும் கிழிந்துவிட்டன. அவர்களுடைய ஸ்டெப்னி முந்தின நாளே போய்விட்டது. அந்த மனுஷன் சாலையின் நட்டநடுவில் வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தான், உள்ளே மூன்று பிள்ளைகள். நெரிடாவுக்கு வந்த கோபத்தில் அவனை என்ன சொல்லித் திட்டினாள் என்பது இங்கே வேண்டாம். முதலில் பிள்ளைகளை இறக்கிச் சாலைக்கு அப்பால் மரத்து நிழலில் உட்காரவைத்தாள். வண்டியைத் தன் லாரியால் ஓரத்துக்கு இழுத்தாள். அவளுடையது சின்ன லாரிதான், சக்கர அளவு பொருந்தியது; தன் இரண்டு ஸ்டெப்னிகளையும் கொடுத்தாள்.

அது இந்தச் சாலையின் சட்டம். வழியில் தவிப்பவனுக்குச் சக்கரம் இல்லை என்று சொல்லக்கூடாது. சக்கரத்தில் மஞ்சள் பெயின்டில் சொந்தக்காரர் பெயர் எழுதியிருக்கும், கைமாறிக் கைமாறித் திரும்பி வந்துவிடும். நெரிடாவின் சக்கரம் ஒன்று மூன்று வருஷம் ஊர் சுற்றிவிட்டு, ஒரு ஜாடி ஆப்ரிகாட் ஜாமோடு வந்து சேர்ந்தது. ஆனால் இரண்டையும் கொடுத்துவிட்டு ஒன்றுமில்லாமல் கிளம்புவது சட்டத்தில் இல்லை. இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்தானே என்று நினைத்தாள். தெரிந்த சாலைதானே என்றும் நினைத்தாள். எங்கள் ஆட்கள் சாகிறதெல்லாம் இந்த 'தானே'யில்தான்.

அந்தக் குடும்பம் ஊரைப் பார்க்கக் கிளம்பியது. அவள் எதிர்த்திசையில் விரைந்தாள். வழியிலிருந்த க்ரோனின் குடும்பத்தின் பண்ணைவீட்டில் கேட்டிலேயே தபால் பையைப் போட்டுவிட்டுப் போனாள். இருபத்தாறு வருஷத்தில் அங்கே டீ குடிக்காமல் போனது அன்றுதான். அவள் கடந்து போனதை யாரும் பார்க்கவில்லை.

முல்கராவுக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு மேட்டின் உச்சியில், பின்பக்கம் தளர்ந்தது. மணி இரண்டே முக்கால். நாற்பத்து நான்கு டிகிரி வெயில். அப்போதும் அவள் மேட்டில் நிறுத்தவில்லை. நூற்றைம்பது அடி ஊர்ந்து சமதளத்துக்கு இறக்கினாள். உள்ளே டியூப் அரைபட்டுக் கிழிவது அவளுக்குக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாள். நடுவில் குன்று, பதில் இல்லை. லோரெய்ன் இந்நேரம் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். க்ரோனின் வீட்டில் டீ. யாரும் வரப்போவதில்லை.

பதினெட்டுக் கிலோமீட்டர். மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் நான்கு மணி நேரம். கால் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பியதென்னவோ உண்மை. எண்பத்தாறில் இரண்டு மேய்ப்பர்கள் இதே சாலையில் வண்டியை விட்டு நடந்தார்கள். அவர்கள் உடல்களைக் கண்டெடுத்தவள் நெரிடாதான். வண்டியில் தண்ணீர் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தான் வழியில் விழுந்தால் மருந்தும் விழும், ஆல்பியும் விழுவான். நடக்கப்போவதில்லை என்று முடிவு செய்து, ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு, பானெட்டைத் தூக்கி வைத்தாள்.

கட்டை கொடுத்தாள், நட்டுகளைத் தளர்த்தினாள், ஏர்த்தட்டைப் போட்டு ஜாக்கியை ஏற்றினாள். அடியில் போடத்தான் சக்கரம் இல்லை. கழற்றப்போகும் சக்கரத்தையேதான் ஒட்டியாக வேண்டும், அது முடியும்வரை வண்டி ஜாக்கியில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். பரவாயில்லை, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. காலையிலிருந்து எல்லாம் சீக்கிரம்தானே என்று தன்னையே ஏசிக்கொண்டு, பின்னால் ஏறி உப்புக்கட்டிகளை இறக்கினாள். இரண்டை வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி வைத்தாள்.

டயரை விளிம்பிலிருந்து பிரிக்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. இரும்பு தொட்டால் சுட்டது, ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்தாள். மாற்று டியூப் ஒன்று இருந்தது, ஆனால் டயரிலேயே இரண்டு விரல் நீளக் கிழிசல். உள்ளே பட்டை கொடுக்காவிட்டால் புது டியூப் பிதுங்கி வெடிக்கும். தபால் பையைப் பார்த்தாள், அது அரசாங்கத்துடையது. தன் பூட்ஸின் தோல் நாக்கை அறுத்தெடுத்து உள்ளே வைத்து ஒட்டினாள். கால்மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் ஐஸ் பெட்டிச் சாக்கை நனைத்தாள். ஆல்பியின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவனைத் திட்டினாள். மனைவியிடம்கூடச் சொல்லாத கழுதை என்றாள். திட்டத் திட்டக் கை ஓடியது.

பம்பு அடித்து முடித்து, சக்கரத்தை உருட்டிவந்து, தூக்கி ஆணிகளில் மாட்டப்போனாள். வலது கால் வண்டிக்கு அடியில் இருந்தது. தரை மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே இரண்டு வார மழை ஈரம் அப்படியே இருந்தது. ஏர்த்தட்டு ஒரு பக்கமாகப் புதைந்தது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி விழுந்தது.

பெரிய சத்தம்கூட இல்லை. மேலே இருந்த கட்டி இரண்டாகப் பிளந்தது. கீழே இருந்தது தாங்கியது. அவள் கணுக்காலுக்கும் இரும்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. காலை மெல்ல வெளியே எடுத்து, மண்ணில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அழுதாள். பயத்தில்தான் அழுதாள், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். ஈர மண்ணைத் தோண்டிக் கடினத் தரை வரும்வரை போய், கல் பரப்பி, தட்டைப் போட்டு, மறுபடி ஜாக்கியை ஏற்றினாள். மறுபடி உப்புக்கட்டிகளையும் சரியாக வைத்தாள்.

சக்கரத்தை மாட்டி முடித்து ஐந்தரைக்குக் கிளம்பி, வெடிக்காமல் இருக்க வேண்டுமே என்று மெதுவாகவே ஓட்டி, ஆறேகாலுக்கு முல்கரா வாசலில் நிறுத்தினாள். ஆல்பி வெளியே நாற்காலியில் சாய்ந்திருந்தான். முகம் சாம்பல் நிறம், உதடு வெடித்திருந்தது, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அந்த நிலையிலும் வாய் அடங்கவில்லை.

"க்ரோனின் வீட்ல டீ நல்லா இருந்துச்சா மகராசி?"

நெரிடா பெட்டியை லோரெய்ன் கையில் கொடுத்து, இவன் நான்கு நாளாக உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறான், முதலில் ஊசியைப் போடு, பிறகு நர்ஸுக்குப் போன் போடு, அடிப்பதை அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்றாள். லோரெய்ன் உள்ளே ஓடினாள். ஊசி ஏறியது. நர்ஸ் போனிலேயே மணிக்கு மணி வழி சொன்னாள். விடியும்போது ஆல்பி தானே எழுந்து தண்ணீர் குடித்தான்.

காலையில் அவன் தபால் வண்டியைச் சுற்றி வந்தான். நாக்கில்லாத பூட்ஸைப் பார்த்தான். பிளந்த உப்புக்கட்டியில் இரும்புச் சட்டம் பதிந்திருந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்தான். நெரிடாதான் முதலில் பேசினாள்.

"உன் சரக்குல ஒண்ணு உடைஞ்சுபோச்சு ஆல்பி."

அவன் அந்த இரண்டு கட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டு போனான். அவற்றை மாடு எதுவும் நக்கவில்லை.

அன்றிலிருந்து சாலையில் ஒரு புது வழக்கம் வந்தது. ஒவ்வொரு கேட்டைத் தாண்டும்போதும் நெரிடா ரேடியோவில் சொல்ல வேண்டும். கேட்ட பண்ணை அடுத்த பண்ணைக்குப் போனில் சொல்ல வேண்டும். ஏற்பாடு செய்தது லோரெய்ன். நெரிடா முனகிக்கொண்டேதான் ஒப்புக்கொண்டாள். தன்னை ஏதோ காணாமல்போகிற ஆட்டுக்குட்டி மாதிரி எண்ணுகிறார்களே என்று அவளுக்கு ரோஷம்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை, க்ரோனின் வீட்டில் புதுக் குழந்தை. அதைக் கொஞ்சுகிற மும்முரத்தில் நெரிடா கேட்டில் சொல்ல மறந்துவிட்டாள். இரண்டாவது டீ நடந்துகொண்டிருந்தபோது மேற்கே புழுதி கிளம்பியது. ஆல்பியின் வண்டி வந்து வாசலில் நின்றது. எழுபது கிலோமீட்டர், ஒவ்வொரு மேட்டிலும் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். வண்டியின் பின்னால் தண்ணீர்க் கேன், மண்வெட்டி, இரண்டு ஸ்டெப்னி, அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பழைய உப்புக்கட்டிகள். பிளந்ததைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தான்.

அவளைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீ குடிக்கறதுன்னா சொல்லிட்டுக் குடி நெரிடா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

நெரிடா எழுந்துபோய் இன்னொரு கோப்பை எடுத்து, சர்க்கரை போடாமல் ஊற்றி, அவன் கையில் கொடுத்தாள்.