நாற்பது கிலோ

என் அக்காவுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம் எங்கள் வீட்டில் எண்பத்து நான்கு வாழைப்பழங்கள் செலவாயின. நாளுக்கு நான்கு, இருபத்தொரு நாள். எண்ணியவன் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதில் ஒரு பழம்கூட என் வாய்க்கு வராததால் கணக்குத் தவறியிருக்காது.

மதிப்பெண் போதுமானதாக இருந்தது. நேர்முகத் தேர்வையும் அக்கா தாண்டிவிட்டாள். உடல் தகுதிப் பரிசோதனை மட்டும் பாக்கி. அடுத்த வீட்டுக் கம்பவுண்டர் மாமா வந்து, நாற்பது கிலோவுக்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றார். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது, அவ்வளவு ஒல்லி.

பேரணாம்பட்டில் ஆள் ஏறி நிற்கக்கூடிய தராசு எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான். அப்பா வேலை பார்த்த தோல் கம்பெனியின் வாசலில் இருந்தது. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். மலையடிவாரத்துப் பெண்கள் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். எடைபோட்டு வாங்குவது அப்பாவின் வேலை.

"அதுல வேணாம். அது பட்டைக்கு வெச்சது, மனுசங்களுக்கு இல்ல" என்றார் அப்பா.

அப்பா வேலூருக்குப் போயிருந்த ஒரு நாள், அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போய் வாட்ச்மேனிடம் கெஞ்சி அக்காவை ஏற்றிவிட்டாள். முப்பத்தேழு.

"இன்னாடி இது, இவ்ளோ கம்மியா காட்டுது!" என்று அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று தொடங்கியது வாழைப்பழம். கூடவே முட்டை இரண்டு, கேழ்வரகுக் கஞ்சி இரண்டு வேளை. அக்கா மாடிப்படி ஏறினால் எடை குறையும் என்று அதையும் தடுத்தார்கள்.

"எம்மா, இதுக்கு மேல உள்ள போவாதும்மா."

"போவும். டாக்டராவணும்னா முழுங்கு."

"டாக்டர் ஆவறதுக்குள்ள வாழைமரம் ஆயிடுவா" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அக்கா ராத்திரியில் சத்தமில்லாமல் அழுதாள். அம்மா மூன்று கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். அப்பா மட்டும் அசையவில்லை. "சும்மா பேஜார் பண்ணாதீங்க. அதெல்லாம் சரியா இருப்பா" என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். பரிசோதனைக்கு முந்தின நாள், அவர் இல்லாத வேளை பார்த்து இரண்டாம் முறை ஏற்றிப் பார்த்தோம். முப்பத்தெட்டரை.

பரிசோதனை நாளில் நாங்கள் நால்வரும் போனோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரித் தராசில் ஏறினாள். நர்ஸ் முள்ளைப் பார்த்து, "நாப்பத்திமூணு" என்று எழுதினார்.

"இன்னொரு வாட்டி பாரும்மா" என்றாள் அம்மா.

"எத்தனி வாட்டி பாத்தாலும் அதான். அடுத்த ஆளு வாங்க."

கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்து, அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா வராந்தாவிலேயே அழுதுகொண்டே சிரித்தாள். நாற்பது கிலோ விதி ஒன்று இருந்ததா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது. பேருந்தில் நான் மனக்கணக்குப் போட்டேன். கம்பெனித் தராசு நாலரைக் கிலோ குறைத்துக் காட்டியிருக்கிறது. அப்படியானால் அக்கா முதல் நாளே நாற்பதைத் தாண்டியிருக்கிறாள். ஒரு பழமும் தேவைப்பட்டிருக்காது. இதைச் சத்தமாகச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, "பழைய தராசு. விடுடா" என்றார்.

வீடெல்லாம் பயந்தபோது அப்பாவுக்கு மட்டும் எவ்வளவு நம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன். வாசலில் பட்டைக்கட்டை இறக்கிய பெண்கள், "இன்னா சாமி, இவ்ளோதான் காட்டுதா?" என்று கேட்கும்போதெல்லாம், "சரியாத்தாம்மா இருக்கு" என்று அவர் அதே அமைதியோடு சொன்னதையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதையும் நம்பிக்கை என்றுதான் அப்போது நினைத்தேன்.